காலை ஒன்பதரை முதல் மாலை நான்கு வரை

எங்கள் மகள் படிக்கும் பள்ளியில் காலை மணி ஒன்பதரைக்கு அடிக்கும். மாலை மணி நான்கிற்கு. இடைப்பட்ட ஆறரை மணி நேரம் அவள் எங்கள் கண்ணில் படாதிருக்கும் நேரம். மற்றப் பெற்றோர் பலருக்கு அது நிம்மதியாக வேலை பார்க்கும் பொழுது. எங்களுக்கோ கைப்பேசியை மேசைமீது கண்ணெதிரே வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் பொழுது. பதினோரு வயதான அவளுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய். நாள்தோறும் நான்கு முறை இன்சுலின் ஊசி; அவற்றுள் ஒன்று பள்ளியில், மதிய உணவுக்கு முன்.

எங்களுள் ஒருவர் நம் வங்கியின் அலுவலர். மற்றவர் வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். குடியிருப்பது காரோட்டில். கழக்கூட்டத்தில் தொடங்கும் புறவழிச்சாலை எங்கள் ஊரில் வந்துதான் முடிகிறது. ஒருபுறம் பாறசாலை, மறுபுறம் களியக்காவிளை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் தங்கிற்று. சந்தைக்குக் களியக்காவிளை, பெரிய மருத்துவத்துக்குத் திருவனந்தபுரம், கொள்வினை கொடுப்பினை எல்லைக்கு இருபுறமும் என்பதே இன்றும் எங்கள் வாழ்க்கை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். நோய்க்குக்கூட எங்கள் பக்கம் பல பெயர்கள்: வீட்டுப் பெரியவர்கள் நீரிழிவு என்பார்கள், பள்ளியில் பிரமேகம் என்பார்கள், மருந்துக்கடையில் எல்லாருக்கும் அது ஷுகர்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அவள் நான்காம் வகுப்பில் இருந்தபோது தொடங்கியது. ஓயாத தாகம். இரவில் மூன்று முறை, நான்கு முறை எழுந்து சிறுநீர் கழித்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை மீண்டும் படுக்கையை நனைத்தாள். சீருடை இடுப்பில் நிற்கவில்லை. வெயில்காலம், வளரும் வயது, வயிற்றில் பூச்சி என்று ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். நாங்களும் அவற்றில் எங்களுக்கு வசதியானதை நம்பினோம். ஒரு நாள் வயிற்றுவலியும் வாந்தியும் வந்தன. அருகில் இருந்த ஒரு சிறு மருத்துவமனையில் வாயு என்று மருந்து கொடுத்தார்கள். மறுநாள் காலை மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கத் தொடங்கியது. இரத்தச் சர்க்கரை 500-ஐத் தாண்டியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள். தாகம், அடிக்கடி சிறுநீர், எடைக் குறைவு, சோர்வு ஆகிய நான்கும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்து காணப்பட்டால், விரல்நுனி இரத்தத்தில் ஒரு சோதனை செய்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை நாங்கள் மூன்று வாரம் தள்ளிப்போட்டோம்.

பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோய் வேறு, இது வேறு. பெரியவர்கள் பெரும்பாலோரிடம் இன்சுலின் சுரக்கும். போதாது, அல்லது உடல் அதனைச் சரிவரப் பயன்படுத்தாது. முதல் வகையில் உடலின் தற்காப்பு அமைப்பே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வருவதன்று, தொட்டால் ஒட்டுவதன்று, உணவுக் கட்டுப்பாட்டாலோ கசாயத்தாலோ போவதன்று. ஊசியை நிறுத்தினால் சில நாள்களில் உயிருக்கு ஆபத்து. 1922 ஜனவரி 11-ஆம் நாள் கனடாவின் டொராண்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்னும் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன்பு இந்த நோய் கண்ட பிள்ளைகளுக்குப் பட்டினிச் சிகிச்சையைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுள் முதல்வரான பேண்டிங் பிறந்த நவம்பர் 14 உலகச் சர்க்கரை நோய் நாள்; நம் நாட்டில் அதுவே குழந்தைகள் நாளாகவும் அமைந்தது தற்செயல்தான். சர்வதேசச் சர்க்கரை நோய்க் கூட்டமைப்பின் 2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இருபது வயதுக்கு உட்பட்டோரில் முதல் வகை நோயுள்ளவர்கள் மிகுதியாக இருக்கும் நாடு இந்தியா. ஏறத்தாழ 2,29,000 பேர்.

எங்கள் வீட்டுக் கணக்கு இது: நாளுக்கு நான்கு ஊசி என்றால் ஆண்டுக்கு 1,460. நாளுக்கு நான்கு விரல்நுனிச் சோதனை என்றால் மாதத்திற்கு 120 ஸ்ட்ரிப். அவள் விரல்நுனிகளைப் பார்த்தால் தையல் ஊசியில் குத்திக்கொண்ட கைபோல் இருக்கும். ஆனால் இவற்றுக்கெல்லாம் பிள்ளை ஒரு மாதத்தில் பழகிவிட்டாள். பழகாமல் இருந்தது நாங்கள் அவள்மேல் ஏற்றிவைத்த வேறொரு சுமை.

மருத்துவமனையிலிருந்து வந்த வாரத்தில் உறவினர் ஒருவர் தனியே அழைத்துச் சொன்னார்: "பெண்பிள்ளையாக்கும். ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு எவன் வாசல்ல வருவான்? வெளியே சொல்லாண்டாம்." அவரைக் குறை சொல்லி எழுதவில்லை. அவர் வாய்விட்டுச் சொன்னதை நாங்கள் மனத்துக்குள் ஏற்கெனவே நினைத்திருந்தோம். பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவச் சான்றிதழில் வேறொரு காய்ச்சலின் பெயரே இருக்கக் கூடாதா என்றுகூட ஆசைப்பட்டோம். மதிய மணிக்குப் பதினைந்து நிமிடம் முன்பு, தண்ணீர் குடிக்கப் போவதாகக் கேட்டுக்கொண்டு கழிப்பறைக்குச் சென்று இன்சுலின் போட்டுக்கொள்ளும்படி ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தோம். யாராவது கேட்டால் "ஒண்ணுமில்லை" என்று சொல்லவும் கற்றுக்கொடுத்தோம். ஓர் ஆண்டுக்கு மேல் இது குறையின்றி நடந்தது. நாங்களும் சாமர்த்தியம் என்று எண்ணியிருந்தோம்.

சென்ற ஆண்டு ஜூலையில் ஒரு மழைநாள். காலையிலிருந்தே பள்ளியில் ஏதோ போட்டி. பரிசளிப்பு நீண்டு, மதிய உணவு முக்கால் மணி நேரம் தள்ளிப்போயிற்று. அது தெரியாமல் எங்கள் மகள் வழக்கமான நேரத்தில் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து கூடத்தில் அமர்ந்துவிட்டாள். வேகமாக வேலை செய்யும் இன்சுலின் உள்ளே போய்விட்டது. அதற்கு ஈடாக வர வேண்டிய சோறு வரவில்லை. கை நடுங்கியிருக்கிறது. வியர்த்திருக்கிறது. பையில் குளுக்கோஸ் இருந்தது. பை வகுப்பறையில் இருந்தது. எழுந்து போக அனுமதி கேட்டவளை, நிகழ்ச்சி முடியட்டும் என்று உட்கார வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டபோது அவள் நாங்கள் கற்றுக்கொடுத்த விடையையே சொல்லியிருக்கிறாள். சர்க்கரை குறையும்போது பிள்ளைகளுக்குக் காரணமற்ற கோபம் வரும், பேச்சு தடுமாறும். பக்கத்துப் பிள்ளையின் கையைத் தட்டிவிட்டாள் என்று எழுந்து நிற்கச் சொன்னார்களாம். நின்றவள் சாய்ந்துவிட்டாள்.

பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தபோது கேட்ட முதல் கேள்வி, "காலையில் சாப்பிடாமல் அனுப்பினீர்களா?" என்பது. "சர்க்கரை கொடுங்கள், எதுவானாலும் இனிப்பாகக் கொடுங்கள்" என்று கத்தினோம். நல்லவேளையாக அவள் முழுவதும் நினைவிழந்திருக்கவில்லை, விழுங்க முடிந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இனிப்புத் தேநீர்க் கோப்பையுடன் ஆசிரியர் அறையில் அமர்ந்திருந்தாள். சோதித்துப் பார்த்ததில் 61. 70-க்குக் கீழே இருந்தாலே குறைவு. சர்க்கரை குடித்த பின்பே 61 என்றால் முன்பு எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்கிட எங்களுக்குத் துணிவில்லை. வகுப்பு ஆசிரியை, நிற்கச் சொன்னவர் அவர்தான், அழுதுகொண்டிருந்தார். "நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?" என்றார். எங்களிடம் விடை இல்லை. அன்று தவறு செய்தவர்கள் பட்டியலில் முதல் இரு பெயர்கள் எங்களுடையவை.

மறுநாள் தலைமை ஆசிரியரிடம் சென்று எல்லாவற்றையும் சொன்னோம். அவர்கள் கோபப்படுவார்கள் என எதிர்பார்த்தோம், பயந்தார்கள். "நாங்கள் ஊசி போட மாட்டோம் சாரே, கை கூடிப்போனால் யார் பதில் சொல்வது?" என்றார் ஓர் ஆசிரியர். அந்தப் பயம் நியாயமானது. அதனால் நாங்கள் கேட்டதைச் சிறிதாக்கிக்கொண்டோம். ஊசியை அவளே போட்டுக்கொள்வாள். இன்சுலின் பேனாவின் சிறு சாளரத்தில் எத்தனை யூனிட் என்று எண் தெரியும். அன்று அட்டையில் எழுதியிருக்கும் எண்ணும் சாளரத்தில் தெரியும் எண்ணும் ஒன்றுதானா என்று ஒரு பெரியவர் பார்த்தால் போதும். வங்கியில் ஒருவர் பதிவார், மற்றொருவர் சரிபார்ப்பார். பதிந்தவரே சரிபார்க்க முடியாது. பணத்துக்கு இருபதாண்டுகளாக இந்த விதியைக் கடைப்பிடித்த வீட்டில், பிள்ளையின் மருந்துக்கு அதனைக் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் விட்டுவிட்டிருந்தோம்.

இப்போது ஊசி ஆசிரியர் அறையில், நாற்காலியில் அமர்ந்து, வெளிச்சத்தில் போடப்படுகிறது. அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. சோறு பரிமாறத் தயாராகிவிட்டது என்று உறுதியான பிறகே ஊசி. அதற்காக ஒருவரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, சமையற்கூடத்தைப் பார்க்கிறார்கள்.

பள்ளிக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தோம், மலையாளத்தில். முதலில் நான்கு பக்கம் எழுதினோம். மருத்துவர் சிரித்துவிட்டு, "நான்கு பக்கத்தை யாரும் அவசரத்தில் படிக்க மாட்டார்கள்" என்று மூன்று பக்கத்தை அடித்துவிட்டார். எஞ்சியது இவ்வளவே. முகம் வெளிறினால், வியர்த்தால், கை நடுங்கினால், திடீரென்று சிடுசிடுத்தால், தெரிந்த கணக்கைத் தவறாகப் போட்டால் உடனே சோதிக்க வேண்டும். கருவி கையில் இல்லையென்றால் குறைவு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். குளுக்கோஸ் கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 15 கிராம் என்பது பொது அளவு; எங்கள் மகளின் எடைக்கு மருத்துவர் குறித்தது 10 கிராம், அதாவது தேக்கரண்டியில் இரண்டு. சாக்லேட்டும் கிரீம் பிஸ்கட்டும் அந்த நேரத்துக்கு ஆகா. கொழுப்பு கலந்திருப்பதால் சர்க்கரை மெதுவாகவே இரத்தத்தில் சேரும். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதனை. 70-க்கு மேல் ஏறாவிட்டால் மீண்டும் அதே அளவு. அந்தப் பதினைந்து நிமிடமும் அவளைத் தனியே எங்கும் அனுப்பக் கூடாது. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும், அதன் பின் எங்களை. வரிசையை மாற்றி எங்களை முதலில் அழைக்க வேண்டாம் என்று தடித்த எழுத்தில் போட்டோம்.

கடிதத்தின் கடைசி வரி, அவள் அடிக்கடி தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குச் செல்லவும் கேட்டால் மறுக்க வேண்டாம் என்பது. சர்க்கரை கூடியிருக்கும் நாளில் உடல் கேட்பது அவ்விரண்டையும்தான். கூடியிருப்பதுடன் வாந்தியும் இருந்தால் அது பள்ளியில் வைத்துப் பார்க்கும் விஷயமன்று, உடனே மருத்துவமனை.

ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், குளுக்கோஸ் பொடி, ஒரு தேக்கரண்டி, அந்தக் கடிதம் ஆகியவை ஆசிரியை அலமாரியில் இருக்கின்றன. அலமாரிக்குப் பூட்டு இல்லை. அதைக் கேட்டு வாங்கினோம். இன்னொரு சிறு பை அவளோடு கூடத்துக்கும் மைதானத்துக்கும் போகும். வகுப்பறையில் தங்கிவிட்ட பை என்ன பயன் தந்தது என்று பார்த்துவிட்டோமே. பயன்படுத்திய ஊசிமுனைகள் கெட்டியான ஒரு பிளாஸ்டிக் குப்பியில் விழுந்து, நிறைந்ததும் வீட்டுக்குத் திரும்பும். சோதனைக்கு முன் கையைத் தண்ணீரில் கழுவ வேண்டும் என்பதைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கண்டுபிடித்தார்கள்: ஏத்தன்பழம் உரித்த விரலில் ஒருமுறை சோதித்தபோது 300-க்கு மேல் காட்டியது, கழுவிவிட்டுப் பார்த்தால் 140.

பிள்ளைகள் என்று சொல்லிவிட்டோம். ஆசிரியையின் யோசனைப்படி எங்கள் மகள் ஒரு நாள் வகுப்பில் எழுந்து நின்று தன் கருவியைக் காட்டினாள். வலிக்குமா, ஒட்டுமா, செத்துப்போவாயா என்று மூன்று கேள்விகள் வந்தன. முதலிரண்டுக்கு இல்லை என்றும், மூன்றாவதற்குச் "சமயத்துக்குச் சாப்பிட்டா சாக மாட்டேன்" என்றும் விடை சொன்னாளாம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது எங்களுக்குத் தொண்டை அடைத்தது. அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

மதிய உணவைப்பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கேட்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "வீட்டிலிருந்து தனியே கொடுத்தனுப்புகிறீர்களா?" என்பதே. கேரளத்தில் எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மதிய உணவு உண்டு. சோறு, பருப்பு அல்லது சாம்பார், ஒரு தோரன். வாரத்தில் ஒரு நாள் முட்டை, இரு நாள் 150 மில்லிலிட்டர் பால். முதலாண்டு நாங்கள் சப்பாத்தி கட்டிக் கொடுத்தோம். எல்லாரும் வரிசையில் அமர்ந்து ஒன்றாகச் சாப்பிட, இவள் மூலையில் டப்பாவைத் திறந்தாள். சப்பாத்தியிலும் மாவுச்சத்துதானே இருக்கிறது! எந்த உணவு என்பதைவிட எவ்வளவு என்பதே இன்சுலினுக்கு முக்கியம். அளவு தெரிந்துவிட்டால் பள்ளிச் சோறே போதும் என்று மருத்துவமனையின் உணவு ஆலோசகர் சொன்னார். சமையற்கூடத்து மாமியிடம் போய் அவர் சோறு பரிமாறும் அகப்பையைக் கேட்டு வாங்கி, ஓர் அகப்பைச் சோறு எத்தனை கிராம் என்று தராசில் நிறுத்துப் பார்த்தோம். மாமிக்கு முதலில் இது புரியவில்லை. தன் அளவில் குற்றம் காண வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். புரிந்த பிறகு அந்த அகப்பையை மாற்றுவதேயில்லை. "மக்களே, ரெண்டு அகப்பை. அதுக்கு மேல வேணும்னா முன்னாடியே சொல்லணும்" என்பார். பால் கொடுக்கும் நாள்களில் அதற்கும் சேர்த்துக் கணக்கு. மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் எங்கள் பக்கத்து உயிர். கிழங்கு முழுவதும் மாவுச்சத்து. அதை ஒழிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நிறுத்துக் கொடுக்கிறோம்.

பிறந்தநாள் மிட்டாய் இன்னும் ஒரு சிக்கல்தான். சில ஆசிரியர்கள் அன்பினால் அவளுக்கு மட்டும் கொடுக்காமல் கடந்துபோவார்கள். எல்லார் கையிலும் மிட்டாய், இவள் கையில் ஒன்றுமில்லை. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டோடு சேர்த்துத் தின்னட்டும் என்று கேட்டுக்கொண்டோம்.

விளையாட்டு வகுப்பிலும் இதே அன்பு குறுக்கே வந்தது. ஓட வேண்டாம், மரத்தடியில் உட்கார் என்றார்கள். ஓட்டம் அவளுக்கு நல்லது. ஆனால் ஓடினால் சர்க்கரை குறையும், சில வேளை அன்று இரவில்கூடக் குறையும். ஆகவே விளையாடுமுன் ஒரு சோதனை, தேவையானால் ஒரு பழம், கையருகே குளுக்கோஸ். விளையாட்டு நாள் இரவில் எங்களுள் ஒருவர் இரண்டு மணிக்கு எழுந்து அவள் விரலைக் குத்துகிறோம். பெரும்பாலும் அவள் விழிப்பதேயில்லை.

பள்ளிகள் என்னென்ன அனுமதிக்க வேண்டும் என்று கேட்கும் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது தயவாகக் கேட்டுப் பெற வேண்டியதன்று. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ஆம் ஆண்டில் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைகள் வகுப்பறையிலும் தேர்வு அறையிலும் இரத்தச் சர்க்கரையைச் சோதிக்கவும், இன்சுலின் போட்டுக்கொள்ளவும், இடைவேளைச் சிற்றுண்டி உண்ணவும் அனுமதிக்கப்பட வேண்டும் என்று கூறியுள்ளது. மருத்துவர் ஒப்புதலுடன் விளையாட்டிலும் பங்குபெறலாம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-ஆம் ஆண்டிலேயே பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வறைக்குள் சர்க்கரை மாத்திரை, மிட்டாய், வாழைப்பழம் போன்ற பழங்கள், சிறு தண்ணீர்க் குப்பி ஆகியவற்றை அனுமதித்துச் சுற்றறிக்கை விடுத்தது. கேரள அரசுப் பொதுத் தேர்வுகளில் இப்பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரமும் உண்டு. மருத்துவச் சான்றுடன் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்; தேர்வு நாள் காலையில் கேட்டால் கிடைக்காது. நோயை மறைத்துவைக்கும் பெற்றோர் இவை எவற்றையும் கேட்கவே முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செலவுக்குக் கைகொடுப்பது கேரள சமூகப் பாதுகாப்பு மிஷன் 2018-இல் தொடங்கிய 'மிட்டாயி' திட்டம். இனிப்பைத் தொடாதே என்று ஊரெல்லாம் விரட்டும் பிள்ளைகளுக்கான திட்டத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, அவர் மனம் நல்ல மனம். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட, வருமான வரம்புக்குள் வரும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இன்சுலின், பேனா, சோதனைக் கருவிகள், தேவைப்படுவோர்க்கு இன்சுலின் பம்ப், பெற்றோருக்குப் பயிற்சி ஆகியவை இதன்வழி கிடைக்கின்றன. திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் இதன் மையம் உண்டு. வங்கி அலுவலர் வருமானத்தில் நாங்கள் அதற்குள் வரமாட்டோம். ஆனால் எங்கள் கிளைக்கு முதியோர் ஓய்வூதியம் வாங்க வந்த பாட்டி ஒருவர், பேத்திக்கு ஸ்ட்ரிப் வாங்க நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டபோது இந்தத் திட்டத்தைத்தான் முதலில் சொன்னோம். நகைக்கடன் விண்ணப்பம் அன்று எழுதப்படவில்லை. கிளை மேலாளர் குறைபட்டுக்கொள்ளவில்லை.

மருத்துவக் காப்பீட்டிலும் மறைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. முன்பே உள்ள நோயை விண்ணப்பத்தில் எழுதினால் பாலிசி கிடைக்காது என்று பயந்து, "ஏற்கெனவே நோய் உண்டா?" என்னும் கட்டத்தில் இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். பின்னர் பிள்ளை மருத்துவமனையில் கிடக்கும்போது கோரிக்கை மறுக்கப்படுகிறது. 2024 ஏப்ரல் முதல், முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிக அளவாக 36 மாதம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் குறைத்துள்ளது. உள்ளதை எழுதிக் காத்திருப்பது நல்லது. அலுவலகக் குழுக் காப்பீடு இருப்பவர்கள் அதன் விதிகளை முதலில் படித்துப் பார்க்க வேண்டும். பலவற்றில் இந்தக் காத்திருப்பே இல்லை. மாதந்தோறும் வரும் ஸ்ட்ரிப், ஊசிமுனைச் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் தருவதில்லை. அதற்கெனச் சம்பள நாளிலேயே ஒரு தொகை தானாகப் பிரிந்து தனிக் கணக்குக்குச் செல்லும்படி ஏற்பாடு செய்திருக்கிறோம். மாதக் கடைசியில் ஸ்ட்ரிப்பை எண்ணி எண்ணிப் பயன்படுத்தும் நிலை அதன்பின் வரவில்லை.

வெயில் மாதங்களில் இன்சுலினைக் காப்பதும் ஒரு வேலை. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துபோனால் தூக்கி எறிய வேண்டியதுதான். பயன்பாட்டில் உள்ள பேனா 30 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். மார்ச்சில் ஓடு வேய்ந்த வகுப்பறை அதைவிடச் சூடாகும். பள்ளியில் குளிர்பதனப் பெட்டி இல்லை. ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையின் அருகே ஈர மணல் நிரப்பிய ஒரு சிறு மண்சட்டி, அதற்குள் ஒரு டம்ளர், டம்ளருக்குள் பேனா. சமையற்கூடத்து மாமிதான் சட்டி கொண்டுவந்தார்.

நாள்தோறும் அளவுகளைக் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகம் பள்ளிக்கும் வீட்டுக்கும் போய்வருகிறது. அதில் எங்கள் கையெழுத்து இருக்கும், ஆசிரியை கையெழுத்து இருக்கும், அவள் கோணல் எழுத்து இருக்கும். சென்ற வியாழக்கிழமைப் பக்கத்தில் நான்காவதாக ஒரு கையெழுத்து, மலையாளத்தில், பென்சிலில். பக்கத்து இருக்கைத் தோழி எழுதியிருந்தாள். "11.20, லோ, 64. டீச்சர் குளுக்கோஸ் ரெண்டு ஸ்பூன் கொடுத்தார். 11.35, 92. பிறகு கணக்குப் பரீட்சை எழுதினோம்." அன்று எங்களுக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. மாலையில் நோட்டைத் திறந்துதான் தெரிந்துகொண்டோம்.